பதினான்கு வீட்டுத் தண்ணீர்

ஒரு அட்டைப் பெட்டி. அதில் பதினான்கு கண்ணாடிப் புட்டிகள். இருமல் மருந்துப் புட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. வெள்ளை மூடி, வயிற்றில் எண் எழுதிய ஒட்டுத்தாள். பல்கலைக்கழக வேனிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தவரை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். ஊசி போடும் டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தேன். பெட்டி கனமே இல்லை. ஆனாலும் அதைக் கையில் வாங்கும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. இவர்கள் வேலைக்கு நான் ஏன் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்ன விலை என்று அப்போது தெரியாது.

என் அக்காள் வீடு இருக்கும் தோட்டம் ரெம்பாவ் போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் நாலு கிலோமீட்டர். ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் ஆள் நிறைந்த இடம். இப்போது வெட்டுக்கும் உரத்துக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். போக இடமில்லாத பழைய குடும்பங்கள் பதினான்கு மட்டும் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சம். குடிக்கத் தண்ணீர், ஓடையை ஒட்டிக் கம்பெனி வெட்டிய கிணற்றிலிருந்து பம்பு போட்டு வரும். செம்பனைக்குப் போடும் உரமும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் மழையில் கரைந்து எங்கே போகும்? ஓடைக்குத்தான். மழை பெய்த மறுநாள் குழாயைத் திறந்தால் தேநீர் நிறத்தில் வரும். அக்காவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சொறி. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் வெளி ஆட்களோடு பேசுவாள். அரசாங்கக் குழாய் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. அதை உள்ளே கொண்டுவரக் கம்பெனி நிலத்தில் பள்ளம் தோண்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரே நன்றாகத்தான் இருக்கிறது, அவசியமில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அதனால் செனாவாங்கில் இருக்கும் என் வீட்டுக் குழாயில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவுக்குக் கொண்டுபோவேன். அது ஒரு வாரத்துக்குச் சமைக்கவும் குடிக்கவும். குளிக்க, துவைக்க, கிணற்றுத் தண்ணீர்தான்.

பேப்பரும் பேனாவுமாக வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. காரணம் இருக்கிறது. நாங்கள் பிறந்த தோட்டம் செண்டாயான் பக்கம். எனக்கு மீசை முளைக்கிற வயதில் தொப்பி போட்ட நாலு பேர் வந்தார்கள். வீட்டை அளந்தார்கள், ஆளை எண்ணினார்கள், மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். அம்மா அவர்களுக்குக் கோப்பி கலந்து கொடுத்தாள். சில மாதம் கழித்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இப்போது அந்த இடத்தில் பாதுகாவலர் நிற்கும் வீடமைப்புப் பகுதி இருக்கிறது. எங்கள் வாசல் எது என்று எனக்கே காட்டத் தெரியாது. அன்றிலிருந்து, சிரித்துக்கொண்டே கேள்வி கேட்கிறவன் எதையோ பிடுங்க வந்திருக்கிறான் என்றுதான் என் புத்தி முதலில் சொல்லும்.

டாக்டரம்மா வந்த முதல் நாளும் அதைத்தான் சொன்னது. அவரோடு வந்த மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை. முதுகில் பதினேழு வண்ணக் கட்டங்கள். உலகம் முழுக்க நல்லா இருக்க வேண்டும் என்பதற்கான பதினேழு குறிக்கோள்களாம். பல்கலைக்கழகம் அதை வகுப்பில் பேசினால் மட்டும் போதாது, ஊருக்குள் இறங்கிச் செய்ய வேண்டுமாம். நல்ல தண்ணீர் என்பது ஆறாவது கட்டம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"அஞ்சாவது கட்டத்துக்காரங்க எப்ப வருவாங்க? அவங்களுக்கும் சேர்த்து ஒரே நாள்ல கோப்பி போட்டுறலாம்லா," என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. பருத்திச் சேலை, காலில் ரப்பர் பூட்ஸ். அவர் பேச்சில் யாழ்ப்பாணத்து இழுப்பு இருந்தது. தன் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாராக இருந்தவர் என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. காலையில் ஆள் பேர் எழுதுகிறவர். அவர் பேரெழுதினால் வேலை, எழுதாவிட்டால் திரும்பி நட. என் அப்பாவை ஒரு கிராணி அப்படித் திருப்பி அனுப்பியதை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நோட்டு, இன்றைக்கு லேப்டாப், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் அவர் சொன்ன விஷயம் சரியானது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று ஒரு பல்கலைக்கழகம் சோதித்து எழுதிக் கொடுத்தால், தண்ணீர் இலாகா கம்பெனியை மடக்கிக் குழாய் போட முடியும். வெறும் வாயால் சொன்னால் நடக்காது, தாளில் எண் வேண்டும். பதினான்கு குடும்பமும் அந்த எண்ணை நம்பித்தான் இருந்தது.

பெட்டியைக் கொடுத்த சனிக்கிழமை அவர் என்னிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "குழாயத் திறந்து ரெண்டு நிமிஷம் ஓட விடச் சொல்லுங்கோ. பிறகு நேர புட்டியில பிடிக்கோணும். கொதிக்க வைக்கக் கூடாது, துணியில வடிக்கக் கூடாது. நாளைக்குக் காலமை வந்து எடுக்கிறம். பிள்ளையளுக்குத் தமிழ் வராது. நீங்க சொன்னாத்தான் சனங்கள் கேட்பினம்."

தலையாட்டினேன். அவர் மாணவர்களோடு ஓடைப்பக்கம் மண் எடுக்கப் போனார். நான் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு கேனையும் இறக்கி வைத்தேன். பெட்டியை அக்கா வாசலில் போட்டுவிட்டு, "யூனிவர்சிட்டிக்காரங்க நாளைக்கு வந்து வாங்கிக்குவாங்களாம். வீட்டுக்கு ஒன்னு. தண்ணி ஊத்தி வைங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். மறக்கவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை. அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், அவர்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லட்டும் என்ற திமிர்.

மறுநாள் காலையில் பதினான்கு புட்டியும் அக்கா வீட்டு வாசல் பலகையில் வரிசையாக நின்றன. ஒட்டுத்தாளைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். மாணவர்கள் படம் எடுத்தார்கள். அக்காவை ஒரு புட்டியைக் கையில் பிடிக்கச் சொல்லிச் சிரிக்கச் சொன்னார்கள். சொறி தெரியாமல் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காவும் சிரித்தாள். நான் அதைப் பார்த்து மனதுக்குள் திட்டினேன். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சில வாரம் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் கதவில் மானேஜர் ஒரு தாளை ஒட்டினார். பல்கலைக்கழக அறிக்கையின் சுருக்கம். தண்ணீர் குடிக்க உகந்தது என்று அதில் இருந்தது. அதோடு நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தப்படுத்தித் தரும் கம்பெனிக்குப் பாராட்டு வேறு. பக்கத்தில் அக்கா சிரிக்கும் படம். தண்ணீர் இலாகாவுக்குப் போன் போட்டேன். அறிக்கை வந்துவிட்டது, இனிக் குழாய்க்கு அவசியம் இல்லை என்றார்கள். அன்றைக்கு மழை. அக்கா வீட்டுக் குழாயில் சேறு வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாசலிலேயே பசுமை, நீடித்த வளர்ச்சி என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிய பலகை. நடைபாதையில் மூன்று நிறத்தில் குப்பைத் தொட்டிகள், ஒன்றில் காகிதம், ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் பிளாஸ்டிக். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லோரி வந்தது. மூன்றையும் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போனது. மாடிக்கு மாடி குடிதண்ணீர் இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒரு புல்தரையில் புதிதாக நட்ட மரக்கன்றுகள், அதற்குப் பக்கத்தில் மரம் கொடுத்தவர்கள் பெயர்ப் பலகை. அதில் எங்கள் தோட்டத்துக் கம்பெனியின் பெயர் இருந்தது. எனக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

டாக்டரம்மா அறையில் கதவைச் சாத்தக்கூட விடவில்லை. "மரம் வாங்கிக்கிட்டு தண்ணிய நல்லதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. உங்க தாத்தா ஆளத் திருப்பி அனுப்புனாரு, நீங்க தண்ணியவே திருப்பி அனுப்பிட்டீங்க. கிராணி புத்தி போகுமா?" என்று கத்தினேன். பக்கத்து அறைகளில் தலைகள் எட்டிப் பார்த்தன.

அவர் முகம் சிவந்தது. மேசையிலிருந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பதினான்கு வரிசை எண்கள்.

"நானும் நேற்றிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். முதல் வீட்டுத் தண்ணியும் கடைசி வீட்டுத் தண்ணியும் அச்சடிச்ச மாதிரி ஒண்டு. அப்பிடி வராது. எல்லாத்திலயும் குளோரின். உங்கட கிணத்துக்கு ஆர் குளோரின் போட்டது? கம்பெனி போட்டிருக்கும் எண்டு பிள்ளையள் எழுதினவை. நானும் வாசிக்காமக் கையெழுத்து வச்சிட்டன்." தாளை மடித்து வைத்தார். "நான் சொன்ன மாதிரி குழாயில நேர பிடிக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் மோட்டாரை விட்டேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றினாய் என்று கேட்டேன்.

"நீ கொண்டாந்த தண்ணிதான். வேற எத ஊத்துறது?"

"எல்லா வீட்டுக்குமா?"

"ஆமா. பக்கத்து வீட்டு அண்ணி வந்து, யூனிலேர்ந்து வர்றாங்களாம், ஒரு புட்டி நல்ல தண்ணி குடு அக்கான்னு கேட்டுச்சு. அதைப் பாத்து எல்லாரும் வந்தாங்க. ஒரு கேன்லதான் எல்லாத்துக்கும் ஊத்துனேன். புட்டியக் கழுவிக் கழுவி ஊத்துனதுல அந்த வாரம் எனக்கே தண்ணி பத்தல, தெரியுமா?"

"சோதிக்கத்தான் கேட்டாங்க, அக்கா! குழாய்த் தண்ணியக் குடுக்க வேண்டியதுதானே?"

"ஏன்டா தம்பி, வீடு தேடி வந்தவங்க கைல சேத்துத் தண்ணியக் குடுப்பாங்களா? படிச்சவங்க, நம்மளப் பத்தி என்னா நெனைப்பாங்க?" என்று அவளும் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "சோதிக்கத்தான்னு நீ சொல்லவே இல்லியேடா."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் வந்தவருக்குக் கடன் வாங்கிக் கோப்பி போடுகிறவர்கள். அது எனக்குத் தெரியாததா? செனாவாங்கில் நானே பிடித்து, நானே கட்டி, நானே சுமந்துபோன தண்ணீர்தான் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் பரீட்சை எழுதிப் பாஸாகியிருக்கிறது. டாக்டரம்மா சொன்னதை நான் அரை நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் போதும். சந்தேகம் வேறு, சோம்பேறித்தனம் வேறு. நான் இரண்டையும் ஒன்றாக்கி, அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொன்னதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி. ஞாயிற்றுக்கிழமை வாறன்," என்றார்.

வேன் இல்லை, மாணவர்கள் இல்லை, கேமரா இல்லை. தன் சொந்தக் காரில் தனியாக வந்தார். வீடு வீடாகக் குழாயைத் திறந்து, கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, தானே பிடித்தார். முந்தைய இரவு மழை. தண்ணீர் பழுப்பாக வந்தது. பெண்கள் திருட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றார்கள். அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "அம்மா, இத எடுத்துக்கிட்டுப் போயி எங்கள அசிங்கமா நெனைக்காதீங்க," என்றாள். டாக்டரம்மா குழாயை மூடினார். "அசிங்கம் உங்களுக்கில்ல, அக்கா," என்றார். தன்னைவிட வயது குறைந்தவளை அவர் அக்கா என்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அக்காவின் தலைப்பை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கையைப் பார்த்தார். அக்காவும் மறைக்கவில்லை.

புதிய எண்கள் வந்தன. எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பழைய அறிக்கை அதற்குள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏறியிருந்தது. உலகப் பல்கலைக்கழகங்களின் பசுமைத் தரவரிசைக்கு அனுப்பிய கோப்பிலும் அது இருந்ததாம். அங்கே பாதுகாவலராக இருக்கும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் மூலம் சில விஷயம் காதுக்கு வந்தது. பழையதைத் தொட வேண்டாம், இரண்டாம் கட்ட ஆய்வு என்று அடுத்த வருடம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் வரை பதினான்கு குடும்பம் எதைக் குடிப்பது என்று டாக்டரம்மா கூட்டத்தில் கேட்டாராம். நீங்கள் மிகவும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று பதில் வந்ததாம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன். மூன்று தொட்டியையும் ஒரே லோரியில் கொட்டுகிற இடம் அது.

டாக்டரம்மா யாரையும் கேட்காமல் அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். தண்ணீர் இலாகாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பிரதியை என்னிடம் தந்தார். சாலையோரம் மோட்டாரை நிறுத்தி, அதை வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். தண்ணீர் பிடித்த முறையில் தவறு நடந்துவிட்டது, மேற்பார்வை செய்யாதது தன் பிழை, அறிக்கை செல்லாது என்று எழுதியிருந்தார். என் பெயர் எங்கேயும் இல்லை. போன் போட்டுக் கேட்டேன்.

"உங்களைப் போட்டா, தோட்டத்துச் சனங்கள் ஏமாத்திப்போட்டினம் எண்டு மேல இருக்கிறவை ஒரு வரி எழுதிப்போட்டு விட்டிடுவினம். பழைய அறிக்கை அப்பிடியே நிக்கும். பிழை என்ட எண்டாத்தான் அவை அதை எடுத்தே ஆகோணும்," என்றார். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். அவரைப் போய் நான் என்னவெல்லாம் சொன்னேன்.

அந்தக் கடிதத்தையும் புதிய எண்களையும் இலாகாவில் கொடுத்தேன், குழாய் வந்துவிட்டது. கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே பள்ளம் தோண்ட விட்டது. அக்காவின் கை மெல்ல ஆறி வருகிறது. நான் சனிக்கிழமைகளில் வெறும் கையோடு போகிறேன். டாக்டரம்மாவை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பல்கலைக்கழகத்திலிருந்தும் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. பழைய எண்ணுக்குப் போன் போட்டால் வேறு யாரோ எடுத்துச் சீன மொழியில் பேசுகிறார்கள்.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடியும் வேன் வந்தது. இந்த முறை ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி, சின்ன வயது, நல்ல பிள்ளை. பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்த வெற்றிக் கதையை எழுத வேண்டுமாம். அக்காவைக் குழாய்ப் பக்கத்தில் நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னாள்.

"அந்தம்மா வரலியா?" என்று கேட்டாள் அக்கா.

"எந்தம்மா, ஆன்ட்டி?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கவும் இல்லை. அந்தப் பெண் இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று போனைப் பைக்குள் வைத்தாள்.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. உட்காரச் சொன்னேன். புட்டிப் பெட்டி, நான் சொல்லாமல் விட்டது, கேன் தண்ணீர், நான் சொன்ன பொய், டாக்டரம்மா தன் மேல் போட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். முதல் அறிக்கை கெட்டது அவரால் இல்லை, என்னால், இதை எழுதிக்கொள் என்றேன். அவள் பேனா ஒரு வரிகூட நகரவில்லை. பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"அங்கிள், இதெல்லாம் வேணாம்லா. நாங்க பாசிட்டிவா மட்டும்தான் போடுவோம்," என்றாள்.

வேன் போய்விட்டது. அவர்கள் எழுதமாட்டார்கள். அதனால்தான் நான் எழுதினேன்.